லைப்சிக் முதல் எர்லாங்கன் வரை: கார்ல் கிரௌலின் கல்வியும் தமிழ்ப் பணியும்

வெள்ளிமலையை விட்டுக் கல்வராயன் மலைத்தொடரினின்று கிழக்கே இறங்கினால் கள்ளக்குறிச்சிச் சமவெளியும், அதற்கப்பால் தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூரும் அமைந்துள்ளன. மலையமான்களின் ஊராகவும், கபிலர் உயிர்துறந்த இடமென மரபு கூறும் ஊராகவும் திருக்கோவிலூரைத் தமிழாய்வாளர் அறிவர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வூரில் டேனிய லுத்தரன் மிஷன் காலூன்றியது. அதற்கு முன்பே தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷன் ஒன்று இருந்தது. அவ்வாறிருக்கப் புதியதொரு மிஷன் இப்பகுதிக்கு வந்தமைக்குக் காரணம் சாதி பற்றிய ஒரு பிணக்கு. அப்பிணக்கின் ஒரு புறத்தில் நின்றவர், திருக்குறளை ஜெர்மனிலும் இலத்தீனிலும் பெயர்த்த கார்ல் கிரௌல். தமிழியல் வரலாறுகள் அவருடைய நூல்களைப் போற்றுகின்றன. பிணக்கைத் திருச்சபை வரலாறுகளுக்கு விட்டுவிடுகின்றன. இப்பிரிவினை அவர் வாழ்வைப் பாதியாகவே காட்டுகிறது.

கிரௌல் 1814 பிப்ரவரி 6 அன்று டெசாவ் நகரை அடுத்த வெர்லிட்ஸ் என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். இளமைப் பருவத்தைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டுவது அதிகமில்லை. 1834 முதல் 1838 வரை லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். அப்பல்கலைக்கழகம் 1409இல் நிறுவப்பெற்றது. கிரௌல் பயின்ற நாளிலேயே நான்கு நூற்றாண்டுகளைக் கடந்திருந்தது. 1810இல் பெர்லின் பல்கலைக்கழகம் தோன்றியதைத் தொடர்ந்து, ஆய்வும் கற்பித்தலும் பிரிக்கப்படலாகாது என்னும் கொள்கை ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் எங்கும் பரவி வந்த காலம் அது. லைப்சிக்கில் செவ்வியல் மொழிநூல் துறையில் காட்பிரீட் ஹெர்மன் புகழோடு விளங்கினார். மூலத்தைச் செப்பம் செய்தல், சொற்பொருள் தொகுத்தல், இலக்கணக் குறிப்புடன் பெயர்த்தல் என்னும் நெறி கிரேக்க, இலத்தீன் நூல்களுக்கு அங்கு இயல்பாகக் கைக்கொள்ளப்பட்டது. பின்னாளில் கிரௌல் தமிழ் நூல்களைப் பதிப்பித்த முறையில் இந்நெறியின் தடத்தைத் தெளிவாகக் காணலாம்.

பட்டப்படிப்புக்குப்பின் இத்தாலியில் ஒரு குடும்பத்தில் தனியாசிரியராகப் பணியாற்றினார். அங்குப் பெற்ற மொழியறிவின் பயனாகத் தாந்தேயின் நரகக் காண்டத்தை ஜெர்மனில் பெயர்த்து 1843இல் வெளியிட்டார். தமிழுலகம் அறிந்த மொழிபெயர்ப்பாளரின் முதற்பெரு மொழிபெயர்ப்பு இத்தாலிய மொழியினின்று அமைந்தது என்பது கருதத்தக்கது. குறளுக்கு வருமுன்பே, வேற்று மொழிச் செய்யுளின் செறிவைத் தாய்மொழியில் தாங்கும் இடர்ப்பாட்டை அவர் உணர்ந்திருந்தார்.

மிஷனும் பல்கலைக்கழகமும்

1844இல் டிரெஸ்டன் நகரில் இயங்கிய லுத்தரன் மிஷனுக்கு முப்பது வயதில் கிரௌல் இயக்குநரானார். அம்மிஷன் தமிழ்நாட்டுடன் அப்போதே தொடர்பு கொண்டிருந்தது. 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றது. சீகன்பால்கு தொடங்கிய பழைய மிஷனின் உடைமைகள் 1847இல் இம்மிஷன் வசமாயின. அடுத்த ஆண்டே கிரௌல் மிஷனை டிரெஸ்டனிலிருந்து லைப்சிக்கிற்கு இடம் மாற்றினார்.

இவ்விடமாற்றமே அவர் வாழ்வின் மையமான செயல் எனலாம். தமிழ்நாட்டிற்குச் செல்ல விரும்புவோர் மிஷனின் சிறு பயிற்சிப் பள்ளியோடு நின்றுவிடாமல், பல்கலைக்கழகத்தில் முழுமையான இறையியற் கல்வி பெறவேண்டும் என்பது அவர் வகுத்த விதி. மிஷன் இல்லம் அவர்களுக்கு உறையுளாகவும் தமிழ் பயிலும் இடமாகவும் அமைந்தது. அக்கால மிஷன்களின் பொது வழக்கிற்கு இது மாறானது. பாசல் மிஷன் போன்றவை தமக்கெனத் தனிப் பயிற்சிப் பள்ளிகளை நடத்தின. டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் மலையாள மொழிக்கு அகராதி தந்த ஹெர்மன் குண்டெர்ட் போன்றோர் அம்மிஷனில் விதிவிலக்கே. கிரௌலோ விதிவிலக்கை விதியாக்க முயன்றார். எழுதப்பட்ட இலக்கியமும் தத்துவமும் உடைய மக்களிடையே செல்பவர் அம்மக்களின் நூல்களை மூலத்தில் கற்கும் ஆற்றல் பெறவேண்டும். அவ்வாற்றலைப் பல்கலைக்கழகமே தரும் என்பது அவர் எண்ணம்.

இவ்விதிக்கு ஒரு விலையும் இருந்தது. பல்கலைக்கழகத்திற்குச் செல்ல உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டு இலத்தீனும் கிரேக்கமும் கற்றிருத்தல் வேண்டும். அத்தகைய வாய்ப்பற்ற கைவினைஞர் வீட்டு இளைஞர்க்கு வாயில் குறுகியது.

லைப்சிக்கில் அப்போது ஹெர்மன் பிராக்ஹவுஸ் வடமொழிப் பேராசிரியராக இருந்தார். மாக்ஸ் முல்லர் இளமையில் அவரிடமே பயின்றார். இந்திய மொழி என்றால் வடமொழி என்பதே அன்றைய ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களின் நிலைப்பாடு. தமிழுக்கு ஆசிரிய இருக்கை எதுவும் இல்லை. ஹாலேயில் 1716இல் சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் அச்சேறியிருந்தும், அவருடன் மலையப்பன் என்னும் தமிழர் ஐரோப்பா வரை சென்றிருந்தும், ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பின்னும் தமிழ் பல்கலைக்கழகத்தின் புறத்தேதான் நின்றது. மிஷன் இல்லத்தில் கற்பிக்கப்பட்ட தமிழ் அவ்வெல்லைக்கு மிக அருகில் வந்தது, உள்ளே நுழையவில்லை.

தமிழ்நாட்டுப் பயணம்

1849 ஜூலையில் கிரௌல் இந்தியாவிற்குப் புறப்பட்டார். பாலஸ்தீனம், எகிப்து வழியாகப் பம்பாயை அடைந்து, மேலைக் கடற்கரையிலும் நீலகிரியிலும் பயணம் செய்து தமிழ்நாட்டிற்கு வந்தார். 1853 ஏப்ரலில் முடிவுற்ற இப்பயணத்தை ஐந்து தொகுதிகளாக 1854 முதல் 1856 வரை வெளியிட்டார். தமிழ்ச் சுவடிகளையும் அச்சு நூல்களையும் திரட்டி லைப்சிக் மிஷன் நூலகத்தில் சேர்த்தார்.

பயணத்தின் பயனாக வெளிவந்தது ‘பிப்ளியோதெக்கா தமுலிகா’ என்னும் தொகுதி வரிசை. 1854இல் வந்த முதல் தொகுதி கைவல்லிய நவநீதம் உள்ளிட்ட வேதாந்த நூல்களின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. 1855இல் வந்த இரண்டாம் தொகுதியில் கைவல்லிய நவநீதத்தின் தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, சொல்லடைவு, தமிழ் இலக்கணச் சுருக்கம் ஆகியவை இடம்பெற்றன. 1856இல் மூன்றாம் தொகுதியாகத் திருக்குறள் ஜெர்மனில் வந்தது. அதன் தலைப்பிலேயே மாந்தர் நாடும் மூன்று குறிக்கோள்கள் குறிக்கப்பட்டுள்ளன. வீரமாமுனிவரின் இலத்தீன் பெயர்ப்பு இன்பத்துப்பாலை விட்டுவிட்டது. துருவின் ஆங்கிலப் பெயர்ப்பும் முழுமையுறவில்லை. சமயப் பணியாளர் ஒருவர் மூன்று பால்களையும் ஒரு நூலின் உறுப்புகளாகவே கொண்டமை, அறத்தை மட்டும் பிரித்தெடுக்கும் நோக்கினும் நூலை நூலாகக் காணும் மொழிநூல் நோக்கு அவரிடம் மேலோங்கியிருந்ததைக் காட்டுகிறது.

தொகுதிகளின் மொழித்தேர்வும் கவனத்திற்குரியது. ஜெர்மானிய வாசகர்க்கு ஜெர்மன், இந்தியாவில் பணிபுரிவோர்க்கு ஆங்கிலம், பின்னர் குறள் மூலத்தோடு இலத்தீன் என மூன்று மொழிகளை அவர் கையாண்டார். இலத்தீன் அறிஞருலகின் பொதுமொழி. செவ்வியல் நூலைச் செவ்வியல் நூலாக முன்வைக்கும் மொழி. கிரேக்க நூலுக்குச் செய்வதைக் குறளுக்கும் செய்தார் என்றே கொள்ளவேண்டும். ஒப்பிலக்கணத்தால் கால்டுவெல் பெற்ற புகழ் அதே 1856இல் தொடங்கியது. அப்புகழின் நிழலில் கிரௌலின் இலக்கண முயற்சி மறைந்துபோனது இயல்பே. எனினும் நூற்பதிப்பில் அவர் கொண்ட நெறி தனியே மதிப்பிடத்தக்கது.

இவற்றினும் வியப்புக்குரிய பணி ஒன்று தமிழ்நாட்டில் குறைவாகவே பேசப்படுகிறது. ஜெர்மானியக் கீழைத்தேயவியல் கழகத்தின் ஆய்விதழில் மிஷனின் தமிழ் நூலகத்தைப் பற்றி அவர் ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். அதில் 1854இல் பௌத்தத்தை மறுக்கும் சைவ வாதத்தைப் பெயர்த்தளித்தார். 1857இல் நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கத்தை ஜெர்மனில் தந்தார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தைத் தாமோதரம் பிள்ளை அச்சிட்டது 1885இல். கலித்தொகை வந்தது 1887இல். உ.வே.சாமிநாதையர் அவ்வேளையில் இரண்டு வயதுக் குழந்தை. சங்க அகப்பாடல்கள் எவையும் அச்சில் இல்லாத காலத்தில், குறிஞ்சி முதலிய திணைப் பாகுபாட்டை ஓர் ஐரோப்பிய ஆய்விதழின் வாசகர் முன் அவர் வைத்தார். இலக்கியம் கைக்கு வருமுன் அதன் இலக்கணம் சென்று சேர்ந்தது. எனவே அதன் முழுப்பொருளை அங்கு எவரும் உணர வழியிருக்கவில்லை.

சாதிப் பிணக்கு

கிரௌல் தமிழ்நாட்டில் இருந்த காலத்திலேயே சாதிச் சிக்கல் முற்றியது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் மாநாடு, சாதியைக் கைவிடாதார்க்குத் திருச்சபையில் இடமில்லை என்னும் கடும் நிலையை எடுத்தது. லைப்சிக் மிஷன் இதனை ஏற்கவில்லை. சாதியில் சமயக் கூறும் குடிமைக் கூறும் கலந்துள்ளன. குடிமை வழக்கத்தைக் கட்டளையால் ஒழிக்க முயலாது, போதனையால் படிப்படியாகக் கரைக்கவேண்டும் என்று கிரௌல் வாதிட்டார். 1851இல் சென்னையில் ஆங்கில விளக்கவுரை ஒன்றையும் வெளியிட்டார். ஆங்கிலத் திருச்சபைகளில் மனக்குறை கொண்ட வேளாளக் கிறித்தவர் பலர் லைப்சிக் மிஷனுக்கு மாறினர். அவர்கள் மாறியதே அம்மிஷனின் மீது பிற மிஷனரிகள் வைத்த குற்றச்சாட்டுக்கு வலுச் சேர்த்தது.

இந்நிலைப்பாட்டை வெறும் ஆள்சேர்க்கும் உத்தியாகக் கருதுவது பொருந்தாது. ஒரு மக்களின் மொழி, இலக்கியம், வழக்கம் யாவும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வெளியிலிருந்து வருபவர் அவற்றைச் சிதைக்கலாகாது என்னும் எண்ணம் அக்கால ஜெர்மானியக் கல்வியுலகில் வேரூன்றியிருந்தது. தமிழ் நூல்களின்பால் கிரௌலுக்கு மதிப்பைத் தந்த அதே எண்ணமே சாதியின்பால் அவரைப் பொறுமையாளராக்கியது. குறையும் அங்கேதான் உள்ளது. அவர் மக்களின் வழக்கம் என்று கண்டது ஒரு சாராருக்கு உரிமை. மற்றொரு சாராருக்கு இழிவு. வழக்கத்தை விளக்கியவர் மேல்நிலையினர். அதனால் துன்புற்றவர் குரல் அவருடைய வாதத்தில் எடைபெறவில்லை. பிறப்பால் உயிர்கள் ஒப்பன என்னும் கருத்தமைந்த குறள் பெருமை அதிகாரத்தில் உள்ளது. அதனை ஜெர்மனில் பெயர்த்த கை, மிஷனின் கொள்கையை மாற்றி எழுதவில்லை.

எதிர்ப்பு மிஷனுக்குள்ளேயே எழுந்தது. லைப்சிக் மிஷனரியாகிய கார்ல் ஆக்ஸ் சாதியோடு சமரசம் கூடாதென நின்று, இறுதியில் மிஷனை விட்டு விலகினார். 1860களில் அவரை டேனிய மிஷன் கழகம் தன் பணியாளராக ஏற்றது. கடலூர்ப் பகுதியில் மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் அமைத்த பெத்தானியா நிலையம் அக்கழகத்தின் தமிழ்நாட்டுப் பணிக்குத் தொடக்கமாயிற்று. அங்கிருந்தே அப்பணி பெண்ணையாற்றின் வழி மேற்கே திருக்கோவிலூரை எட்டியது.

எர்லாங்கனில் இறுதி ஆண்டுகள்

பிணக்கும் உடல்நலக் குறைவும் சூழ, 1860இல் கிரௌல் இயக்குநர் பொறுப்பைத் துறந்தார். ஜூலியஸ் ஹார்டெலாண்டு அப்பொறுப்பை ஏற்றார். ஓய்வென்று ஒதுங்காமல் கிரௌல் எர்லாங்கன் நகருக்குச் சென்றார். மிஷனியலைப் பல்கலைக்கழகப் பாடமாக்க வேண்டுமென்பது அவருடைய புதிய முயற்சி. முப்பது ஆண்டுகளுக்கு முன் மாணவராக நுழைந்தவர், ஐம்பதாம் வயதில் ஆசிரியத் தகுதிக்கான தேர்வுக்கு உட்பட்டார். 1864இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய தகுதியுரை, பல்கலைக்கழக அறிவியல்களின் முழுமையில் மிஷனியலுக்கு உரிய இடத்தை ஆராய்ந்தது. பிற சமயங்களையும் மொழிகளையும் மூலத்தில் அறியும் கல்வி பல்கலைக்கழகத்தின் உள்ளே நிகழவேண்டும் என்பது, லைப்சிக்கிற்கு மிஷனை மாற்றிய நாள்தொட்டு அவர் கொண்டிருந்த கொள்கை. 1848இல் மாணவரைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். 1864இல் பாடத்தையே அங்குக் கொண்டுசெல்ல முயன்றார்.

அப்பாடத்தை நிலைநிறுத்த அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. 1864 நவம்பர் 10 அன்று எர்லாங்கனில் கிரௌல் மறைந்தார்.

அவர் மேசையில் குறளின் நான்காம் தொகுதி முடிவுறாதிருந்தது. செந்தமிழ் மூலம், எளிய தமிழ் உரை, இலத்தீன் பெயர்ப்பு, குறிப்புகள், சொல்லடைவு என அமைந்த அத்தொகுதியை அவர் மாணவர் வில்ஹெல்ம் ஜெர்மன் நிறைவு செய்து 1865இல் வெளிக்கொணர்ந்தார். சீகன்பால்கு எழுதிய தென்னிந்தியத் தெய்வங்களின் மரபுவழி பற்றிய நூலை 1867இல் சென்னையில் முதன்முதலாக அச்சேற்றியவரும் இவரே. தமிழுள்ளத்தைக் காட்டும் செய்யுட்களின் ஜெர்மன் திரட்டு ஒன்றும் 1865இல் கிரௌலின் பெயரால் வெளிவந்தது. மிஷனியலுக்கு ஜெர்மானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைக்க, குஸ்டாவ் வார்னெக் ஹாலேயில் அமர்ந்த 1896 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே ஹாலேயில் 1926இல் அத்துறைப் பேராசிரியரான ஹில்கோ ஷோமெரஸ், லைப்சிக் மிஷனால் தமிழ்நாட்டிற்கு அனுப்பப்பட்டவர். சைவ சித்தாந்தம் பற்றி 1912இல் பெருநூல் எழுதியவர். 1923இல் திருவாசகத்தை ஜெர்மனில் தந்தவர்.