லூயி பாஸ்டியர்

பிரெஞ்சு நாட்டில் தோல் பதனிடுவார் ஒருவர்க்கு மகனாய் 1822-ல் பிறந்த பாஸ்டியர், 1868-ல் பக்கவாதத்தால் இடப்பாகம் தளர்ந்தும் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். 1879-ல் கோழிக்காலராக் கிருமியை வளர்க்கத் தொடங்கினார். நெடுநாட் கிடந்து வலிகுன்றிய கிருமி செலுத்தப்பெற்ற கோழிகள், பின்னர்ப் புதுக்கிருமிக்கும் மடியாமை கண்டார். முந்திய கிருமி உடலிலுள்ள உணவொன்றைத் தீர்த்துவிடுதலின் பிந்தியது பட்டினியால் அழியுமென எண்ணினார். அஃது அன்று, எதிர்ப்பொருள்களே காரணமெனப் பின்னோர் தெளிந்தனர்.

ஆயினும், உடல் கிருமியைப் பட்டினியிடுதல் மெய்யே. கோழி தன் குருதியிலுள்ள இரும்பைப் புரதத்தாற் பிணித்து மறைக்கும். கிருமியோ ஹீமோகுளோபினைப் பற்றி அவ்விரும்பைக் கவரும். 1895-ல் மறைந்த அப்பெரியார் பெயராற் பாஸ்டியூரெல்லா எனப்படுவது அக்கிருமியே. சேவற்கொடியோன் மலையாகிய திருத்தணிகைக்கு அணித்தே, இராணிப்பேட்டையில் 1932-ல் தோன்றிய கால்நடைத் தடுப்புமருந்து நிலையத்திற்கும் அவர் நெறியே வித்து. அவர் பிழைத்த கருத்திலும் மெய்ம்மையின் நிழல் இருந்தமை நாம் உணரற்பாலது.