கிராமத்துத் தாய்மாருக்காக அயலைத் திரட்டிய டொக்டர் மேரி ரட்ணம்

டொக்டர் மேரி ரட்ணத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பெண்களின் வாக்குரிமையோடும் கொழும்பு மாநகர சபையோடும் நிறுத்திவிடுகிறார்கள். 1937இல் அச்சபைக்குத் தெரிவான முதல் பெண் என்பது பெரிய விடயம்தான். ஆனால் அவர் கிராமங்களில் செய்த, அதிகம் பேசப்படாத வேலைதான் என்னை ஈர்க்கிறது.

1873இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்து, ரொறொன்ரோவில் வைத்தியம் படித்தவர். 1896இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனில் பணியாற்ற இலங்கை வந்தார். ஆனால் எஸ்.சி.கே. ரட்ணம் என்ற தமிழரை மணந்ததால் மிஷன் அவரை ஏற்கவில்லை. தமிழருக்குத் தொண்டு செய்யலாம், தமிழரை மணக்கக்கூடாது என்பது அன்றைய கணக்கு! அதன் பிறகு கொழும்பே அவரது களமாயிற்று.

அக்காலக் கிராமங்களில் பிள்ளைப்பேறு வீட்டில்தான், மருத்துவிச்சியின் கையில்தான். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கிய பிறகே அரசாங்க மருத்துவமாது வீடு தேடி வரும் முறை பரவியது. அவர் வந்து போன பின்னர்? கர்ப்பிணிக்கு யார் தண்ணீர் அள்ளிக் கொடுப்பது, மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, கீரையும் முட்டையும் எங்கிருந்து வருவது? மருந்துச்சீட்டில் இதற்கெல்லாம் பதில் இல்லை.

1930இல் மேரி ரட்ணம் தொடங்கிய லங்கா மகிளா சமிதி இந்த இடைவெளிக்குள்தான் நுழைந்தது என்பது என் எண்ணம். அதற்கு முன்மாதிரி கனடாவின் கிராமப் பெண்கள் சங்கங்கள். 1889இல் கைக்குழந்தையைப் பறிகொடுத்த அடிலெய்ட் ஹூட்லெஸ், கெட்ட பாலே காரணம் என நம்பினார். மற்றத் தாய்மாருக்கும் இது தெரியவேண்டும் என்று அவர் அலைந்ததில் 1897இல் பிறந்தது முதற் சங்கம்.

இங்கே சமிதியில் வீட்டுத்தோட்டம், சத்துணவு, மலசலகூடம், குழந்தை பராமரிப்பு, தையல் எல்லாம் பழக்கினார்கள். பாடத்தைவிடக் கூடியிருந்ததே பெரிய உதவி என்பேன். மாமியார் சொல்லை மட்டும் கேட்டிருந்த ஓர் இளம் மனைவிக்குத் தன்னைப்போல் வயிற்றைச் சுமந்த பத்துப் பெண்கள் அயலில் இருப்பது தெரியவரும். அடுத்தடுத்துப் பெற்றுக் களைத்த உடல்களைக் கண்ட வைத்தியர் என்பதால், 1930களிலேயே கருத்தடை பற்றியும் வெளிப்படையாகப் பேசினார். எதிர்ப்பு வந்தது, அவர் விடவில்லை.

1958இல், 85ஆவது வயதில், ரமோன் மக்சேசே விருது கிடைத்தது. 1962இல் காலமானார். அவர் தொடங்கிய சமிதி அவருக்குப் பிறகும் தொடர்ந்தது.