அபயம் அளித்த அறவோர் நான்சென்

போரை நிறுத்த ஓர் உடன்படிக்கை போதும்; அமைதியை நிலைநிறுத்த அது போதாது. வென்ற நாடும் தோற்ற நாடும் கையொப்பமிட்டுக் கலைந்த பின்னரும், சிறைப்பட்ட வீரன் அயல்மண்ணில் வாடுகின்றான். உழவன் விதைநெல்லின்றித் தவிக்கின்றான். ஊரை இழந்தவன் எந்நாட்டினன் என்று கேட்பாருக்கு விடைகூற இயலாது நிற்கின்றான். இவர்களுடைய துயர் தீராதவரை அடுத்த போருக்கான வித்து மண்ணில் கிடந்துகொண்டே இருக்கும். அவ்வித்தினை அகற்றும் பணியில் தம் வாழ்வின் இறுதிப் பத்தாண்டுகளைச் செலவிட்ட பெருந்தகை, நார்வே நாட்டினராகிய பிரித்யோப் நான்சென் ஆவார்.

இன்று ஆஸ்லோ என வழங்கும் கிறிஸ்தியானியா நகரின் அருகே 1861ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அவர் பிறந்தார். விலங்கியல் பயின்று, பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றி, நரம்பு மண்டலத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1888இல் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே தோழர் ஐவருடன் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைப் பனிச்சறுக்குக் கட்டைகளின் துணைகொண்டு கடந்தார். மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து புறப்படாமல், ஆளரவமற்ற கிழக்குக் கரையிலிருந்தே அவர் பயணத்தைத் தொடங்கினார். திரும்பிச் செல்ல இடமில்லையெனில் முன்னேறுவது ஒன்றே வழியாகும் என்பது அவர் கருத்து. பிற்காலத்தில் மேற்கொண்ட அறப்பணிகளிலும் அவர் இம்முறையையே கைக்கொண்டார்.

1893 முதல் 1896 வரை ‘ஃப்ராம்’ என்னும் கப்பலை வடதுருவக் கடலின் பனியில் உறையவிட்டு, அப்பனியோடு மிதந்து செல்லும் அரிய ஆய்வினை நடத்தினார். கப்பலை விட்டிறங்கி, தோழர் ஒருவருடன் 86 பாகை 14 கலை வட அகலாங்குவரை சென்றார். அதற்கு முன் எவரும் அவ்வளவு வடக்கே சென்றதில்லை. குழுவினர் பதின்மூவரும் உயிருடன் மீண்டனர். நான்செனின் புகழ் உலகெங்கும் பரவியது. அப்புகழைப் பின்னாளில் அவர் பிறர் துயர் தீர்க்கும் முதலாகப் பயன்படுத்தினார்.

1905இல் நார்வே, சுவீடனிடமிருந்து போரின்றிப் பிரிந்தது. அதற்குத் துணைநின்றவர்களுள் நான்செனும் ஒருவர். புதிய அரசின் முதல் தூதராக 1906 முதல் 1908 வரை இலண்டனில் பணியாற்றினார். முதல் உலகப் போரின்போது, உணவின்றி இடருற்ற தம் நாட்டுக்குத் தானியம் பெறும் பொருட்டு வாஷிங்டன் சென்று உடன்பாடு கண்டார்.

போர் 1918இல் ஓய்ந்தது. ஆயினும் ஈராண்டுகள் கழிந்த பின்னரும் கைதிகள் இலட்சக்கணக்கில் சைபீரியாவிலும் பிற இடங்களிலும் பசியாலும் நோயாலும் மடிந்துகொண்டிருந்தனர். 1920இல் பன்னாட்டுச் சங்கம் அவர்களை மீட்கும் பொறுப்பை நான்செனிடம் ஒப்படைத்தது. சோவியத் அரசோ அச்சங்கத்தை ஏற்கவில்லை. ஆனால் நான்சென் என்னும் தனிமனிதரின் நேர்மையை ஏற்றது. எனவே பேச்சுவார்த்தைகளை அவர் தம் சொந்தப் பெயரிலேயே நடத்தினார். பால்டிக் கடல் வழியே கப்பல்கள் இருதிசையிலும் சென்றன. ரஷ்யர் கிழக்கேயும், ஜெர்மானியரும் ஆஸ்திரிய-ஹங்கேரியரும் மேற்கேயும் தத்தம் இல்லம் சேர்ந்தனர். 1922க்குள் 4,27,886 பேர் வீடு திரும்பினர்.

இதனிடையே 1921இல் வால்கா ஆற்றுப் படுகையில் கொடும்பஞ்சம் தோன்றியது. வறட்சியோடு உள்நாட்டுப் போரும், உழவரிடமிருந்து தானியம் பறிக்கப்பட்டமையும் அதற்குக் காரணங்களாயின. செஞ்சிலுவைச் சங்கம் கூட்டிய மாநாட்டின் வேண்டுகோளை ஏற்று நான்சென் நிவாரணப் பணியில் இறங்கினார். பன்னாட்டுச் சங்கத்தின் பேரவையில் அரசுகளிடம் கடன் கேட்டார், அவை மறுத்தன. பசித்தவனுக்கு அளிக்கும் உணவு அவனை ஆளும் அரசுக்கு வலிமை சேர்க்குமே என்பது அவற்றின் அச்சம். நான்செனுக்கு அக்கணக்கு விளங்கவில்லை. பஞ்சப் பகுதிகளுக்கு நேரிற் சென்று, கண்டவற்றைப் படமெடுத்து, ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றிப் பொதுமக்களிடம் பொருள் திரட்டினார். நிவாரணத்தின் பெரும்பங்கை அமெரிக்க அமைப்பு ஏற்றது. நான்செனின் முயற்சியாலும் எண்ணற்றோர் உயிர் பிழைத்தனர். ஆயினும் மாண்டவர் பல இலட்சம். 1922இல் தமக்குக் கிடைத்த அமைதிக்கான நோபல் பரிசுத் தொகையையும் அவர் நிவாரணப் பணிகளுக்கே ஈந்தார்.

நாடிழந்தோர் சிக்கல் வேறுவகையானது. ரஷ்யாவை விட்டு வெளியேறிய பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியுரிமையை இழந்திருந்தனர். அடையாளப் பத்திரமின்றி எல்லையைக் கடக்கவோ வேலை தேடவோ அவர்களால் இயலவில்லை. 1922இல் நான்சென் வகுத்த சான்றிதழ் ‘நான்சென் கடவுச்சீட்டு’ எனப் பெயர்பெற்றது. காலப்போக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதனை ஏற்றன. ஒரு தாளும் அதன்மீது ஒட்டிய வில்லையுமே ஆயினும், எந்நாட்டுக்கும் உரியனல்லன் என்று தள்ளப்பட்டவனுக்கு அது பெயரையும் பாதுகாப்பையும் மீட்டளித்தது.

அவர் பணிகளுள் எளிதிற் போற்ற இயலாத ஒன்றும் உண்டு. 1922இல் கிரேக்க-துருக்கியப் போரின் முடிவில் சின்ன ஆசியாவிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மிகுதியான கிரேக்கர் அகதிகளாயினர். இரு நாடுகளும் தத்தம் சிறுபான்மையினரை மாற்றிக்கொள்ளும் திட்டத்தை நான்சென் முன்வைத்தார். 1923 சனவரியில் லோசான் நகரில் அது கட்டாய மாற்றமாகவே ஒப்பந்தமாயிற்று. அவ்விரு நாடுகளிடையே மீண்டும் பெரும்போர் மூளாமைக்கு அது உதவியது என்பர் சிலர். பிறந்த மண்ணைத் துறக்க விரும்பாதோரையும் வேரோடு பெயர்த்த தீங்கு அது என்பர் வேறு சிலர். அவ்விரண்டும் மெய்யே. அகதிகள் கிரேக்கத்தில் வீடும் நிலமும் பெற்று வாழப் பெருங்கடன் ஒன்று திரட்டப்பட வேண்டியிருந்தது. மக்களை இடம் மாற்றியதோடு பணி முடிந்துவிடவில்லை என்பதற்கு அதுவே சான்று.

தம் இறுதி ஆண்டுகளில் ஆர்மீனியர்க்காக அவர் உழைத்தார். 1925இல் அந்நாடு சென்று, வறண்ட நிலங்களில் பாசனம் அமைத்து அகதிகளைக் குடியமர்த்தும் திட்டம் வகுத்தார். வல்லரசுகள் பொருளுதவி செய்ய முன்வரவில்லை. அத்தோல்வி அவரைப் பெரிதும் வருத்தியது; எனினும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 1930 மே 13ஆம் நாள் தம் இல்லத்தில் காலமானார். நார்வேயின் அரசமைப்பு நாளாகிய மே 17 அன்று நாடே திரண்டு அவருக்கு இறுதி மரியாதை செலுத்தியது.

அவருடைய பெயர் தாங்கிய அகதிகள் அலுவலகம் 1938இல் நோபல் பரிசு பெற்றது. இன்றும் அகதிகளுக்குத் தொண்டாற்றுவோர்க்கு ஐக்கிய நாடுகள் அமைப்பு அவர் பெயரால் விருதளிக்கின்றது. போர்கள் ஓயாத இந்நாளில், அமைதி விழைவோர் அவர் வரலாற்றினின்று கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. சிறைப்பட்டவன் இல்லம் சேர்ந்து, பசித்தவன் உண்டு, நாடிழந்தவன் அஞ்சாமல் தன் பெயர் சொல்லும் நாளில்தான் போர் உண்மையில் முடிகின்றது. அந்நாளை விரைவில் வரச்செய்வது அரசுகளின் கடமை மட்டுமன்று. நெஞ்சில் ஈரமுடைய ஒவ்வொருவருடைய கடமையும் ஆகும்.