மதுரையை எழுதிய கங்காதேவி

வரலாறு எழுதிய பெண்கள் என்று பேச்செடுத்தால் மேனாட்டார் அன்னா கொம்னேனாவைச் சொல்வர். பைசாந்தியப் பேரரசரான தம் தந்தையின் ஆட்சியை 12ஆம் நூற்றாண்டில் எழுதியவர் அவர். முகலாயர் வரலாறு பயின்றோர் உமாயூனின் தங்கை குல்பதன் பேகத்தைச் சொல்வர். பூனா நண்பர்களோ, இந்நகரில் வாழ்ந்து 1970இல் மறைந்த இராவதி கர்வேயின் பெயரைச் சொல்லி மார்தட்டுவர். தகும். நான் சொல்லும் பெயர் கங்காதேவி.

விசயநகர மன்னர் முதலாம் புக்கரின் மைந்தர் குமார கம்பணர். அவருடைய தேவி இவர். இவருடைய வாழ்வை இவர் இயற்றிய 'மதுரா விசயம்' என்னும் வடமொழிக் காவியத்திலிருந்தே நாம் பொறுக்கியெடுக்க வேண்டும். முன்னைப் புலவரைப் போற்றுமிடத்தில் வான்மீகி, காளிதாசரோடு தெலுங்குக் கவி திக்கனரையும் நினைக்கிறார். அதனால் தெலுங்கு நாட்டவர் என்று கருதுவோர் உண்டு. விசுவநாதரை ஆசானாகப் போற்றுவதும் அங்கேதான். ஓரிடத்தில் தாமே காவியத்துக்குள் வருகிறார்: நிலவெழும் அழகைச் சொல்லும்படி கணவர் கேட்க, கங்காதேவி பாடுகிறார். போர் நூலுக்குள் இப்படியொரு மாலைப்பொழுது!

கதை எளிது. கம்பணர் தெற்கே வருகிறார்; சம்புவராயரை வென்று காஞ்சியில் தங்குகிறார். அங்கு ஒரு பெண் தோன்றி மதுரையின் நிலையைச் சொல்லி வாள் கொடுக்கிறாள். கோயிற் கதவுகளைச் செல்லரிக்கிறது. மண்டபத்தில் புல் முளைக்கிறது. முழவொலி கேட்ட இடத்தில் நரி ஊளையிடுகிறது. பிறகு போர், சுல்தான் வீழ்கிறார்.

நண்பர்களே, இதை எவ்வளவு நம்பலாம்? ஆய்வுக்கூடத்தில் ஒரே கருவி காட்டும் அளவை எழுதிக்கொண்டு போனால் பேராசிரியர் தாளைத் திருப்பித் தருவார். எழுதியவரோ வென்றவரின் மனைவி. காவியத் தலைவனை உயர்த்துவது மரபு. ஆனால் இரண்டாம் கருவி ஒன்று கிடைக்கிறது. மொராக்கோ நாட்டு இபின் பதூதா 1340களில் மதுரை சுல்தானிடம் விருந்தினராக இருந்தவர். சுல்தானின் மனைவியும் இவர் மனைவியும் உடன்பிறந்தோர். அந்த உறவினரே, பெண்டிரையும் பிள்ளைகளையும் கொன்ற கொடுமையைக் கண்டு வெறுத்து எழுதியிருக்கிறார். ஆகவே தேவியார் கூறும் துயரம் வெறுங்கற்பனையன்று. மூன்றாவது கருவி வேறு கணக்குக் காட்டுகிறது. கம்பணர் படையின் வெற்றியை 1371 வாக்கில் வைப்பர். மதுரை சுல்தான்களின் நாணயங்களோ 1378 வரை கிடைக்கின்றன. ஒரே போரில் எல்லாம் முடிந்ததென்று காவியம் காட்டினாலும் காசு அதை ஒப்பவில்லை.

இதனால் அவர் மதிப்புக் குறையவில்லை என்பது என் எண்ணம். அரண்மனையிலிருந்து பார்த்தவருக்கு எது வெற்றியாகத் தோன்றியதோ, அதை நமக்குச் சொன்னவர் அவர் ஒருவரே. எந்தப் பெரும்போரையும் அரசவைப் புலவர் பாடுவர். அரசியே பாடியது அரிது.

சுமார் ஐந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1916இல், திருவனந்தபுரத்தில் பண்டிதர் இராமசாமி சாத்திரியார் ஓலைச்சுவடி ஒன்றைக் கண்டெடுத்தார். பல இடங்களில் சிதைந்த சுவடி. ஆயினும் சருக்கங்களின் முடிவில் ஆசிரியர் பெயர் நின்றது. இல்லையேல் நூலை யாரோ ஓர் அவைப்புலவர் கணக்கில் எழுதியிருப்போம். 1957இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் திருவேங்கடாச்சாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அதை வெளியிட்டது. வடமொழி அறியாத நான் மதுரையை ஆங்கிலத்தின் வழியே, பூனாவிலிருந்து படித்தேன்.