கொன்சால்வெஸ் அடிகளாரின் ஆயத்தம்

பெரிய வாரத்தில் வியாகுலப் பிரசங்கம் ஒலிக்கும் தமிழ் ஆலயங்களிலே கண்கலங்காத முதியோர் அரிது. அதை இயற்றியவரின் தாய்மொழி தமிழன்று என்பது இளையோர் பலருக்கு வியப்பளிக்கலாம்.

யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1676இல் கோவாவைச் சேர்ந்த திவார் தீவில், கொங்கணி பேசும் குடும்பமொன்றில் பிறந்தார். 1700இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு, பின்னர் கோவா ஒரட்டோரியன் சபையில் இணைந்தார். கல்வியிற் சிறந்த அவருக்குச் சொந்த மண்ணிலேயே மதிப்பான வாழ்வு காத்திருந்தது. அவர் நாடியதோ இலங்கையை. அங்கே கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என 1658இலேயே கட்டளையிட்டிருந்தனர். கூலியாள் வேடத்தில் 1687இல் வந்திறங்கிய புனித யோசேப் வாஸ் அடிகளாருக்குத் துணையாக, 1705இல் கொன்சால்வெஸ் மன்னார்க் கரையை அடைந்தார்.

மறைபரப்புப் பணிக்கு ஆயத்தம் என்றதும் செபமும் நோன்பும் நம் நினைவுக்கு வரும். அவை அவரிடமும் இருந்தன. ஆயினும் அவர் அதிகம் வியர்வை சிந்தியது மொழிகளுக்காகவே. பயண வழியிலேயே தமிழ் பயிலத் தொடங்கினார். சிங்களத்தைச் செம்மையாகக் கற்குமாறு யோசேப் வாஸ் அவரைக் கண்டிக்கு அனுப்பினார். இலத்தீனில் இறையியல் கற்ற ஒருவர், முப்பதை அண்மிய வயதில் சிறுபிள்ளைபோல் எழுத்துக் கூட்டிப் படித்தார். மக்கள் பேசும் மொழியை அரைகுறையாக அறிந்துகொண்டு இறைவார்த்தையை அவர்களுக்குப் பங்கிட முடியாது என்று அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

அக்கல்வியின் கனிகளுள் ஒன்று 'தேவ அருள் வேத புராணம்'. பழைய, புதிய ஏற்பாடுகளின் வரலாறுகளை அதிலே தமிழ் உரைநடையில் தந்தார். அதன் தேவை பெரிது. விரல்விட்டு எண்ணத்தக்க குருக்களே அக்காலத்தில் இருந்தனர். ஓர் ஊருக்குக் குருவானவர் மீண்டும் வர மாதங்கள் பல செல்லும். இடைப்பட்ட காலத்தில் செபங்களை நடத்தியவர்கள் மூப்பரும் அண்ணாவிமாருமே. குரு வராத ஞாயிறுகளிலும் மக்கள் திருமறையைக் கேட்டுத் தியானிக்க அவருடைய ஏடுகள் உதவின.

பிற சமயக் கொள்கைகளை மறுத்தும் அவர் எழுதியதுண்டு. அது வாதங்கள் நிறைந்த காலம். இன்று கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை என முஸ்லிம் சகோதரரின் ஊர்கள் சூழ வாழும் நம் குடும்பங்களுக்கு அவருடைய வேத வரலாறுகளே அதிகம் பயன்தரும் என்பது எம் எண்ணம். அவற்றில் வரும் ஆபிரகாமையும் யோசேப்பையும் மோசேயையும் நம் அயலவர் இப்றாஹீம், யூசுப், மூஸா எனப் போற்றுகின்றனர்.

இக்கரையோரத்தார் நினைவில் வைக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரைக் கிழக்குக் கரையிலே குடியேற்றினான். வெளியேற்றியவர்கள் கத்தோலிக்கர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. காலம் மாறி ஒல்லாந்தர் நம்மவரைத் துரத்தியபோது, செனரத்தின் பேரனான இரண்டாம் விமலதர்மசூரியன், ஒற்றரென ஐயுற்று முதலில் சிறையிலிட்ட அதே யோசேப் வாஸுக்குப் பின்னர் தன் நாட்டில் தங்கிப் பணியாற்ற இடமளித்தான். கொன்சால்வெஸ் அடிகளார் அமைதியாக அமர்ந்து சிங்களம் கற்க முடிந்ததும் அந்தக் கண்டியிலேதான்.

1711இல் யோசேப் வாஸ் இறைபதம் அடைந்த பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடிகளார் எழுதினார், ஊர் ஊராக நடந்தார். 1737இல் கொழும்பில் ஒல்லாந்தரின் அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கியது. கத்தோலிக்க நூல்களுக்கு அதில் இடமில்லை. எழுத்தாணி பிடிக்கத் தெரிந்த விசுவாசிகள் அவருடைய நூல்களை ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பிரதி செய்து காத்தனர். 1742 ஜூலை 17ஆம் நாள் போலவத்தையில் அவர் உயிர் பிரிந்தது. அவ்வூர் ஆலயத்திலேயே அவரை அடக்கம் செய்தனர்.