பூமியின் அடுக்குகளைப் படமாக்கிய கொல்லர் மகன்

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுஷயர் பகுதியில் சர்ச்சில் என்றொரு சிற்றூர். அந்த ஊர்ச் சிறுவர்கள் கோலி விளையாடக் கடைக்குப் போய்க் குண்டு வாங்க மாட்டார்கள். வயலில் உழும்போது உருண்டையாகச் சிறு சிறு கற்கள் கிடைக்கும். அவைதாம் அவர்களுக்குக் கோலி. பால் பண்ணைப் பெண்களோ, பன்னைப்போல் உப்பிய வேறு ஒரு கல்லை வெண்ணெய் நிறுக்க எடைக்கல்லாக வைத்திருந்தார்கள். கோலிகள் பழங்காலச் சிப்பி போன்ற உயிர்கள். எடைக்கல் ஒரு காலத்தில் கடலில் வாழ்ந்த முள்ளெலி வகை உயிரினம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து கல்லாகிப் போனவை. இவற்றைத்தான் புதைபடிவங்கள் என்கிறோம்.

கடலே இல்லாத ஊரில் கடல் உயிர்கள் எப்படி வந்தன? இந்தக் கேள்வி ஒரு சிறுவனை விடாமல் பிடித்துக்கொண்டது. அவர்தாம் வில்லியம் ஸ்மித்.

ஸ்மித் 1769ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பிறந்தார். தந்தை கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். மகனுக்கு எட்டு வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். உழவரான பெரிய தகப்பனார் வீட்டில் ஸ்மித் வளர்ந்தார். ஊர்ப் பள்ளியோடு படிப்பு நின்றது. கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் நில அளவை நூல்களை வாங்கித் தாமே படித்தார். 18 வயதில் எட்வர்டு வெப் என்ற நில அளவையாளரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

1791இல் சாமர்செட் பகுதிக்கு வேலை நிமித்தமாகச் சென்றார். அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள் உண்டு. சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தபோது பாறைகள் தாறுமாறாகக் கிடக்கவில்லை. அடுக்கடுக்காக, ஒரே வரிசையில் இருந்தன. பக்கத்துச் சுரங்கத்திலும் அதே வரிசை!

பின்னர் நிலக்கரியைப் படகில் கொண்டுபோக ஒரு கால்வாய் வெட்டத் தீர்மானித்தார்கள். அளவை வேலை ஸ்மித்துக்குக் கிடைத்தது. மண்ணை வெட்ட வெட்ட அவருக்குப் பாடம் நடந்தது என்றே சொல்லலாம். பாறை அடுக்குகள் கிழக்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருந்தன. வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டுகளைச் சாய்த்து வைத்ததுபோல!

ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு வெவ்வேறு களிமண் அடுக்குகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் சிறுவயதுக் கோலிக் கற்கள் கைகொடுத்தன. ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கே உரிய புதைபடிவங்கள் இருப்பதை ஸ்மித் கண்டார். நிறம் ஏமாற்றலாம், உள்ளே இருக்கும் உயிர்கள் ஏமாற்றா. ஒரு கல்லைக் கையில் கொடுத்தால் அது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். அக்காலத்தில் கருப்பாகக் களிமண் தெரிந்தாலே கீழே நிலக்கரி இருக்கும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டிக் குழி தோண்டுவார்கள். அது வேறு காலத்து அடுக்கு என்றால் எவ்வளவு தோண்டினாலும் பயனில்லை. புதைபடிவத்தைப் பார்த்தாலே இதைத் தெரிந்துகொள்ளலாம் அல்லவா?

1799இல் கால்வாய் நிறுவன வேலை போய்விட்டது. ஸ்மித் சோர்ந்துவிடவில்லை. நாடு முழுவதற்கும் இப்படி ஒரு படம் போட்டால் என்ன என்று நினைத்தார். குதிரையிலும் கோச்சு வண்டியிலும் கால்நடையாகவும் ஆண்டுதோறும் பல ஆயிரம் மைல்கள் அலைந்தார். வயிற்றுப்பாட்டுக்குச் சதுப்பு நிலத்தில் நீர் வடிக்கும் வேலை; போகிற வழியெல்லாம் பாறை ஆராய்ச்சி. உதவிக்கு ஆளில்லை. அரசுப் பணமும் இல்லை.

1815இல் படம் வெளிவந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும், ஸ்காட்லாந்தில் ஒரு பகுதியும் அதில் அடக்கம். 15 தாள்கள், சேர்த்து ஒட்டினால் எட்டடிக்கு மேல் உயரம், ஆறடி அகலம். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வண்ணம், கையாலேயே தீட்டியது. அடுக்கின் அடிப்பக்கம் அழுத்தமாகவும் மேலே போகப்போக வெளிறியும் இருக்கும். அதனால் எது கீழே, எது மேலே என்று பார்த்தவுடன் புரியும். ஒரு நாடு முழுவதையும் இவ்வளவு விரிவாகக் காட்டிய முதல் நிலவியல் படம் இதுவே.

இனிமேல் வருவதுதான் வருத்தமான பகுதி. லண்டன் நிலவியல் சங்கம் செல்வர்களும் கனவான்களும் நிறைந்தது. கொல்லர் மகனை அவர்கள் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதன் தலைவராக இருந்த கிரீனோ, ஸ்மித்தின் உழைப்பையும் பயன்படுத்திக்கொண்டு வேறொரு படம் தயாரித்துக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தார். ஸ்மித் படத்தின் விற்பனை படுத்தது. மற்றவர் நிலத்துக்கெல்லாம் நல்ல யோசனை சொன்னவர், சொந்தமாக எடுத்த கல் குவாரியில் மட்டும் ஏமாந்து கடனாளியானார்! அந்தக் கல் எதிர்பார்த்த தரத்தில் இல்லை. ஆசையாகச் சேர்த்த புதைபடிவங்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்றும் கடன் அடையவில்லை. 1819இல் கடனாளிகளுக்கான சிறையில் இரண்டு மாதங்களுக்கு மேல் இருந்தார். வெளியே வந்தபோது வீடும் பறிபோயிருந்தது. மனைவிக்கோ மனநோய். லண்டனை விட்டு வடக்கே யார்க்ஷயர் பக்கம் போய்விட்டார்.

அவருடைய அக்கறையில் வளர்ந்த ஒருவர் உண்டு. தாய் தந்தையை இழந்த தங்கை மகன் ஜான் பிலிப்ஸ். மாமாவோடு ஊர் ஊராக நடந்தே நிலவியல் கற்ற அந்தப் பையன் பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியரானார். மாமாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவரே.

1831இல் அதே நிலவியல் சங்கம் தனது முதல் வொல்லஸ்டன் பதக்கத்தை ஸ்மித்துக்கு வழங்கியது. அப்போது அவருக்கு 61 வயது. ஆங்கிலேய நிலவியலின் தந்தை என்று அன்று புகழ்ந்தார்கள். அடுத்த ஆண்டு முதல் அரசு ஆண்டுக்கு 100 பவுண்டு உதவித்தொகை தந்தது. லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்குக் கல் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் அவர் இருந்தார். 1839ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், ஓர் அறிவியல் கூட்டத்துக்குப் போகும் வழியில் நார்தாம்டன் நகரில் காலமானார்.

அவர் காட்டிய வழி நம் ஊருக்கும் வந்தது. திருச்சி, அரியலூர்ப் பகுதிகளில் கிடைக்கும் நத்தைபோல் சுருண்ட அம்மோனைட் முதலிய புதைபடிவங்களைக் கொண்டே, ஹென்றி பிளான்போர்டு என்பவர் அங்குள்ள பாறைகளை உட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து 1862இல் எழுதினார்.

இன்று நிலவியலாளர் கையில் சிறு கணினி, செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் கருவி. ஜி.ஐ.எஸ். என்னும் கணினி முறையில் பாறை வகை ஒரு தாள், காந்தப் புலம் ஒரு தாள், ஆழ்துளை விவரம் ஒரு தாள், செயற்கைக்கோள் படம் ஒரு தாள் என ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்து, எங்கே தாதுப்பொருள் இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். ஸ்மித் வண்ணம் தீட்டிய அந்தப் படமும் கணினியில் ஏறிவிட்டது. இன்றைய படத்தின்மேல் அதை வைத்துப் பார்த்தால், பல இடங்களில் கோடுகள் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகின்றன!

லண்டன் நிலவியல் சங்கக் கட்டடத்தின் படிக்கட்டுப் பக்கம் ஸ்மித்தின் படம் மாட்டப்பட்டுள்ளது. வெளிச்சம் பட்டு வண்ணம் மங்காமல் இருக்க அதற்குத் திரை போட்டிருக்கிறார்கள். கிரீனோவின் படமும் அங்கேயே இருக்கிறது.