சட்டைப் பைக்குள் அடங்கிய துப்பாக்கி

மணியாச்சி ரெயில் நிலையம். 1911-ம் ஆண்டு ஜூன் மாதம் 17-ந் தேதி.

திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரை முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியுடன் உட்கார்ந்திருந்தார். ஓர் இளைஞர் பெட்டியை நெருங்கினார். அவரிடம் ஆயுதம் இருப்பது யாருக்கும் தெரியவில்லை. அடுத்த கணம் கலெக்டர் குண்டு பாய்ந்து சாய்ந்தார். சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். பிறகு அதே துப்பாக்கியால் தன்னையும் சுட்டுக்கொண்டு அவர் உயிரை விட்டார்.

இந்த வரலாறு தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தத் துப்பாக்கியின் வரலாறு பலருக்குத் தெரியாது. அது பெல்ஜியம் நாட்டில் செய்த கைத்துப்பாக்கி. பெயர் பிரௌனிங்.

பிரௌனிங் என்பது ஊர் பெயரும் அல்ல, கம்பெனி பெயரும் அல்ல. ஒரு மனிதரின் பெயர். அவர் பெல்ஜியத்தில் பிறந்தவரும் அல்ல. அமெரிக்காவில், கடலையே காணாத ஒரு மலைநாட்டு ஊரில் பிறந்தவர்.

பட்டறையில் வளர்ந்த பிள்ளை

அமெரிக்காவின் மேற்கே யூட்டா என்று ஒரு பிரதேசம். அங்கே ஆக்டன் என்ற ஊர். 1855-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஜான் மோசஸ் பிரௌனிங் அங்கே பிறந்தார். தகப்பனார் ஜோனதன் பிரௌனிங், துப்பாக்கி செய்யும் கொல்லர். மார்மன் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் அந்தப் பிரிவில் ஒருவர் பல மனைவியரை மணப்பது உண்டு. ஜோனதனுக்கு மனைவியர் மூவர். பிள்ளைகள் 22 பேர்!

இத்தனை பேருக்கும் சோறு போட்டது அந்தப் பட்டறைதான். ஜானுக்கு அதுவே விளையாட்டு இடம், அதுவே பள்ளிக்கூடம்.

அவனுக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்ததாக அவர்கள் குடும்பத்தில் ஒரு கதை சொல்லுவார்கள். குப்பையில் கிடந்த உடைந்த துப்பாக்கிக் குழல் ஒன்றை எடுத்தான். அதை ஒரு மரக்கட்டையில் வைத்துக் கட்டினான். தம்பி மாட்டைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனான். அண்ணன் குறி பார்த்தான். தம்பி நெருப்பு வைத்தான். பறவைகள் விழுந்தன. மறுநாள் காலை வீட்டில் கறிச்சாப்பாடு! தகப்பனார் சாப்பிட்டார். துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். இதைவிட நன்றாகச் செய்ய முடியாதா என்று மட்டும் கேட்டாராம்.

மகன் செய்து காட்டினான். ஆனால் அதற்கு 14 ஆண்டுகள் ஆயின. 1879-ம் ஆண்டு அவர் செய்த ஒற்றைத் தோட்டா ரைபிளுக்கு அமெரிக்க அரசாங்கம் காப்புரிமை கொடுத்தது. அதே ஆண்டில் தகப்பனார் இறந்துபோனார். அதே ஆண்டில்தான் ஜானுக்குக் கல்யாணமும் நடந்தது.

அண்ணன் தம்பிகள் சேர்ந்து பட்டறையில் அந்த ரைபிளைச் செய்து விற்றார்கள். அதில் ஒன்று 1883-ல் வின்செஸ்டர் என்ற பெரிய கம்பெனியின் கண்ணில் பட்டது. கம்பெனியின் அதிகாரி பென்னட், ரெயில் ஏறி ஆக்டனுக்கு வந்தார். 8 ஆயிரம் டாலர் கொடுத்து உரிமையை வாங்கினார். அன்று முதல் சுமார் 20 ஆண்டு காலம் பிரௌனிங் புதிது புதிதாகச் செய்வதும், வின்செஸ்டர் வாங்குவதும் வழக்கமாகிவிட்டது.

அவர் காகிதத்தில் படம் போட்டு வேலை செய்கிறவர் அல்லர். மனத்தில் தோன்றியதை நேரே இரும்பில் வெட்டிப் பார்ப்பார். நம் ஊர்ப் பொற்கொல்லரும் தச்சரும் அப்படித்தானே?

குனிந்த புல்

1889-ம் ஆண்டு. ஓர் இடத்தில் துப்பாக்கி சுடும் பழக்கம் நடந்தது. பிரௌனிங் பார்த்துக்கொண்டு இருந்தார். துப்பாக்கி வெடிக்கும்போதெல்லாம் எதிரே இருந்த புல் காற்றில் குனிந்தது. எல்லோரும் குறி பட்டதா என்று பார்த்தார்கள். பிரௌனிங் புல்லைப் பார்த்தார்.

ஒரு குண்டு போகும்போது இவ்வளவு வேகம் வீணாகிறதே, அதை வேலை வாங்கினால் என்ன? அந்த வேகமே காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றினால்?

இந்த யோசனை அவருக்கு மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது. மாக்சிம் என்பவர் அதற்கு முன்பே தானியங்கிப் பீரங்கித் துப்பாக்கி செய்துவிட்டார். ஜெர்மனியிலும் தானாகத் தோட்டா ஏறும் கைத்துப்பாக்கிகள் வந்தன. ஆனால் அவை பெரியவை. கையில் ஏந்தினால் ஏதோ எந்திரத்தைத் தூக்கியது போல இருக்கும். அதைச் சட்டைப் பையில் போட முடியுமா?

பிரௌனிங் செய்த மாறுதல் இதுதான்: குழலின் மேல் ஓர் இரும்பு உறையைப் போட்டார். சுட்டதும் அந்த உறை பின்னால் சறுக்கும். காலிக் கூடு வெளியே தெறிக்கும். உள்ளே உள்ள சுருள்வில், உறையை மறுபடி முன்னால் தள்ளும். வரும்போது கைப்பிடிக்குள் அடுக்கியிருக்கும் தோட்டாக்களில் ஒன்றை அது தள்ளிக்கொண்டு வரும். அவ்வளவுதான். இன்று உலகத்தில் உள்ள கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இந்த உறையோடுதான் வருகின்றன.

சைக்கிளால் வந்த வாழ்வு

பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துக்குப் பக்கத்தில் எர்ஸ்டால் என்று ஓர் ஊர். அங்கே 1889-ல் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை தொடங்கினார்கள். எப்.என். என்று சுருக்கமாகச் சொல்லுவார்கள். சில ஆண்டுகளில் அங்கே துப்பாக்கி வேலை குறைந்துபோயிற்று. கம்பெனி சைக்கிள் செய்ய ஆரம்பித்தது.

சைக்கிள் தொழிலைப் பற்றி விசாரித்து வர, பெர்க் என்ற அதிகாரி 1897-ல் அமெரிக்கா போனார். சைக்கிளைப் பார்க்கப் போனவர், பிரௌனிங்கின் கைத்துப்பாக்கியைப் பார்த்துவிட்டார்! அந்த ஆண்டே ஒப்பந்தம் ஆயிற்று. அமெரிக்காவில் கோல்ட் கம்பெனி செய்து விற்பது, ஐரோப்பாவில் எப்.என். கம்பெனி செய்து விற்பது என்று ஏற்பாடு.

1900-ம் ஆண்டுத் துப்பாக்கி என்று பெயர் பெற்றது, எப்.என். கம்பெனி விற்ற முதல் பிரௌனிங். ஏழு தோட்டாக்கள் கொள்ளும். எடை சுமார் 625 கிராம். சினிமாவில் குதிரைக்காரர்கள் இடுப்பில் தொங்கவிட்டு வரும் ரிவால்வர் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். ஆறு தோட்டாதான் போடலாம். தோட்டா உருளை வேறு புடைத்துக்கொண்டு நிற்கும். பிரௌனிங் தட்டையானது. கோட்டுக்குள் வைத்தால் வெளியே தெரியாது.

எதைப் பார்த்து வாங்கினார்கள்?

அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைக்காரர், வைத்தியர், வட்டிக்குக் கொடுப்பவர் முதலியோர் பயத்துக்குத் துணையாகத் துப்பாக்கி வாங்குவது சகஜம். நாய்கள் துரத்துகின்றன என்று சைக்கிள்காரர்களுக்காகவே சின்ன ரிவால்வர்கள் விற்றார்கள் என்றால் பாருங்களேன்!

சட்டைப் பைக்குத் துப்பாக்கி வாங்குகிறவருக்கு இரண்டு கவலைகள். அவசரத்தில் எடுக்கும்போது துணியில் சிக்கிக்கொள்ளக் கூடாது. அவசரம் இல்லாதபோது தானாக வெடித்துத் தன் தொடையையே துளைத்துவிடக் கூடாது.

முதல் கவலைக்குக் காரணம் குதிரை. துப்பாக்கியின் பின்னால் கொக்கி போல நிமிர்ந்து நின்று, தோட்டாவைத் தட்டும் உறுப்புக்குத்தான் குதிரை என்று பெயர். இது பையின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். 1903-ல் கோல்ட் கம்பெனிக்குச் செய்து கொடுத்த பைத்துப்பாக்கியில், பிரௌனிங் குதிரையை உறைக்குள்ளேயே ஒளித்துவிட்டார். வெளிப்புறம் வழுவழு என்று ஆகிவிட்டது. எட்டுத் தோட்டா கொள்ளும் அந்தத் துப்பாக்கி சுமார் 40 ஆண்டு காலம் செய்யப்பட்டது. 5 லட்சத்துக்கு மேல் விற்றது.

இரண்டாவது கவலைக்கு அவர் கைப்பிடியின் பின்புறத்தில் ஒரு தகடு வைத்தார். கை நன்றாக இறுகப் பிடித்து அந்தத் தகட்டை அழுத்தினால்தான் விசை வேலை செய்யும். பையில் கிடக்கும்போது விசையில் ஏதாவது இடித்தாலும் வெடிக்காது. கட்டைவிரலால் தள்ளும் பூட்டு இதைத் தவிர இருந்தது.

1910-ம் ஆண்டு எப்.என். துப்பாக்கியில் மூன்றாவது பூட்டும் சேர்ந்தது. இதை யோசித்தது பெரிய காரியம். தோட்டா அடுக்கைக் கைப்பிடியிலிருந்து உருவிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பது மனித சுபாவம். ஆனால் ஏற்கெனவே மேலே ஏறிய ஒரு தோட்டா குழலின் வாயிலேயே இருக்கும். காலி என்று நம்பி விசையை இழுப்பார்கள். எதிரே இருப்பது மனைவியாகவோ குழந்தையாகவோ இருக்கும். இந்தத் துப்பாக்கியில் அடுக்கை உருவினால் விசையே செயல்படாது.

எல்லாவற்றிலும் சின்னது 1905-ல் வந்தது. நாலரை அங்குல நீளம். எடை 370 கிராமுக்குள். உள்ளங்கையில் மறைந்துவிடும். துரைமார்கள் கோட்டுக்கு உள்ளே போடும் அரைச்சட்டைப் பைக்கென்றே செய்தது. பெண்கள் கைப்பையிலும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் தோட்டாவும் சின்னது. அதற்குப் பலம் குறைவு. மறைப்பதற்கு எது சுலபமோ, அது காப்பாற்றுவதற்குப் போதாமல் போகலாம். வாங்கினவர்களில் எத்தனை பேர் இதை யோசித்தார்களோ!

அமெரிக்க ராணுவம் யோசித்தது. பிலிப்பைன்ஸ் சண்டையில் சின்னக் குண்டு எதிரியை நிறுத்தவில்லை என்று கண்டார்கள். பெரிய குண்டுத் துப்பாக்கி வேண்டும் என்றார்கள். பிரௌனிங் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் துப்பாக்கியைச் செய்து கொடுத்தார். 6 ஆயிரம் தோட்டாக்களைச் சுட்டுச் சோதித்தார்கள். சூடு ஏறினால் தண்ணீரில் முக்கி எடுத்துச் சுட்டார்கள். ஒரு தடவைகூட அது நிற்கவில்லை. 1911 மார்ச் மாதம் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. மணியாச்சியில் குண்டு வெடித்ததற்கு மூன்று மாதம் முன்பு.

யார் கைக்குப் போயிற்று?

பயந்தவர்களுக்காகச் செய்த பொருள் அது. பயப்படாதவர்கள் கையிலும் சேர்ந்தது.

1904-ல் பின்லாந்தில் ரஷ்ய கவர்னர் போப்ரிக்கோவை ஷௌமன் என்பவர் சுட்டுக் கொன்றார். 1909-ல் மஞ்சூரியாவின் ஹார்பின் ரெயில் நிலையத்தில், ஜப்பானியத் தலைவர் இட்டோவை கொரிய வீரர் ஆன் ஜுங் கியூன் சுட்டார். இரண்டும் 1900-ம் ஆண்டு பிரௌனிங். அடிமைப்பட்ட நாட்டார் தேசபக்தர் என்று போற்றினார்கள். ஆண்டவர்கள் கொலைகாரர் என்றார்கள். ஒரே துப்பாக்கிக்கு இரண்டு கணக்கு!

நம் நாட்டில் 1878-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருந்தது. லைசென்சு இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 1909-ல் லண்டனிலிருந்து சாவர்க்கர் 20 பிரௌனிங் துப்பாக்கிகளை ஒரு பெட்டியின் இரட்டை அடித்தட்டில் ஒளித்து அனுப்பினார். அதில் ஒன்றால்தான் அந்த ஆண்டு டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சன் சுடப்பட்டார். இருபது துப்பாக்கிகளை ஒரு பெட்டியில் மறைக்க முடிந்தது அவற்றின் அளவினால்தான். பழைய ரிவால்வராக இருந்தால் பெட்டியைத் தூக்கியபோதே சந்தேகம் வந்திருக்கும்.

1911-ல் நியூயார்க்கிலும் சட்டம் வந்தது. மறைத்து வைக்கக்கூடிய துப்பாக்கிகளுக்கு அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள்.

1914-ல் பெல்ஜிய மன்னர் ஆல்பெர்ட், பிரௌனிங்குக்கு லியோபோல்டு விருது கொடுத்துக் கௌரவித்தார். எப்.என். தொழிற்சாலை 10 லட்சம் பிரௌனிங் கைத்துப்பாக்கிகளைச் செய்து முடித்திருந்தது. அதே ஆண்டு ஜூன் 28-ந் தேதி, சரயேவோ நகரத்தில் ஆஸ்திரிய இளவரசரும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் 19 வயது பிரின்சிப். அவன் கையில் இருந்தது மூன்று பூட்டு உள்ள 1910-ம் ஆண்டு பிரௌனிங். பூட்டுகள் தவறி வெடிப்பதைத்தான் தடுக்கும். அவன் தவறிச் சுடவில்லை. ஒரு மாதத்தில் உலகப் போர் மூண்டது. அந்தப் போரில் முதலில் மிதிபட்ட நாடுகளில் பெல்ஜியமும் ஒன்று. லியேஜ் நகரமும் ஜெர்மானியர் வசம் ஆயிற்று.

அமெரிக்கா போரில் இறங்கியபோது, அரசாங்கம் பிரௌனிங்கின் புதிய எந்திரத் துப்பாக்கிகளைக் கேட்டது. 7½ லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார்கள். வழக்கமான பங்கு கேட்டிருந்தால் அதைப்போலப் பல மடங்கு கிடைத்திருக்கும். அவர் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார்.

மேஜையில் மிச்சம் இருந்த வேலை

வயதான பிறகும் ஆக்டனிலிருந்து பெல்ஜியத்துக்குக் கப்பலில் போய்வருவதை அவர் விடவில்லை. பிரெஞ்சு மொழியும் கற்றுக்கொண்டார். தொழிற்சாலையில் அவரை ஆசான் என்றே அழைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பேச்சில் பிரௌனிங் என்றாலே கைத்துப்பாக்கி என்று அர்த்தமாகிவிட்டது.

1926-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி. எர்ஸ்டால் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். நெஞ்சு வலி வந்தது. மகன் வால் பிரௌனிங்கின் அறையில் உயிர் பிரிந்தது. வயது 71. அதுவரை 128 காப்புரிமைகள் பெற்றிருந்தார். உடலைக் கப்பலில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் ஆக்டனில் அடக்கம் செய்தார்கள்.

அப்போது அவர் புதிய கைத்துப்பாக்கி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். சேவ் என்ற பெல்ஜிய நிபுணர் அதை முடித்தார். 1935-ல் வெளிவந்தது. 13 தோட்டாக்கள் கொள்ளும். இது சட்டைப் பைக்கு அல்ல, ராணுவத்துக்கு. நம் நாட்டிலும் வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் இதே மாதிரியில் கைத்துப்பாக்கி செய்து, நம் படைவீரர்களுக்குக் கொடுத்தார்கள்.